ஏவலும் வாங்கியும்

அவையில் ஒருவர் பேசுகிறார். நூறு பேர் கேட்கின்றனர். பேச்சு ஒன்றுதான். ஆயினும் ஒருவர் உள்ளங் கிளர்ந்து எழுகிறார், அருகிலிருப்பவர் உறங்கிவிடுகிறார். ஆற்றல் சொல்லில் இருக்கிறதா, கேட்பவர் செவியில் இருக்கிறதா என்ற வினா இலக்கிய அன்பர்களுக்குப் புதியதன்று. சுவைப்பவன் இல்லையேல் கவிதையும் இல்லை என்று வாதிடுவோர் நம்மிடையே உளர். இவ்வினாவை விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் எழுப்பினர். அவர்கள் கேட்டது உடலைப் பற்றி. விடை கிடைத்த இடம் கருப்பை. அந்த விடையினால் இன்று பல பெண்கள் உயிர் தரித்திருக்கின்றனர். விடை சரிவர விளங்காதிருந்த காலத்தில், நன்மை செய்வதாக எண்ணிக் கொடுத்த மருந்தினாற் பல பெண்கள் நோயுற்றனர். இவ்விரண்டையும் ஒருங்கே சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் வைத்தியனல்லன்; பாடசாலையில் உயிரியல் கற்பித்தவன். மருத்துவ ஆலோசனை கூறும் தகுதி எனக்கில்லை. ஆயினும், கருப்பையின் உடற்பகுதியிற் தோன்றும் புற்றுநோய் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 417,000 பெண்களுக்குப் புதிதாக வந்ததென மதிப்பிடப்பட்டுள்ளது. அவற்றுட் பெரும்பாலானவை கருப்பையின் உட்படலத்தில் தோன்றுபவை. இத்தனை பேரைத் தொடும் ஒரு செய்தியை வைத்தியர்கள் மட்டுமே அறிந்திருந்தாற் போதும் என்பது எனக்கு உடன்பாடன்று. கருப்பைக் கழுத்தில் வரும் புற்றுநோய் இதனின் வேறானது; அதற்கு வேர் ஒரு வைரசு. இங்கு நான் பேசப் புகுவது உட்படலப் புற்றுநோயை மட்டுமே.

இரு சொற்கள்

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒன்று ஓமோன். 1902ஆம் ஆண்டில் இலண்டனில் பேலிஸ், ஸ்ரார்லிங் என்னும் இருவர், சிறுகுடலிற் சுரக்கும் ஒரு பொருள் இரத்தத்தின் வழியே சென்று சதையியைத் தூண்டுவதைக் கண்டனர். நரம்பின் துணையின்றியே ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்குச் செய்தி அனுப்பியது. இத்தகைய பொருள்களுக்கு 1905இல் ஸ்ரார்லிங் ஓமோன் என்ற பெயரை வழங்கினார். கிளர்ந்தெழச் செய்தல் என்று பொருள்படும் கிரேக்க வினையடியாகப் பிறந்த சொல் அது.

மற்றையது வாங்கி. ஓமோனைப் பெற்றுக்கொள்ளும் புரதத்துக்கு நமது பாடநூல்கள் இட்ட பெயர் இது. சந்தைக்குப் போய்வருவோர் நாவிலும் புழங்கும் எளிய வினையிலிருந்து வந்தது. ஆயினும் வாங்குதல் என்பதற்குப் பழந்தமிழில் வளைதல், வளைத்தல் என்ற பொருளும் உண்டு. வில்லை வாங்கினான் என்றால் வளைத்தான் என்பதே கருத்து. இப்பழம் பொருளை வாசகர் நினைவில் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பின்னர் அது நமக்கு உதவும்.

இரண்டு ஏவல்கள்

கருப்பையின் உட்சுவரிற் படர்ந்திருக்கும் மெல்லிய படலம் விந்தையானதோர் இழையம். மாதந்தோறும் அது உதிர்கிறது. மாதந்தோறும் மீண்டும் எழுகிறது. மாதவிடாய் முடிந்ததும் சூலகத்திலிருந்து ஈஸ்திரசன் என்னும் ஓமோன் வருகின்றது. அது இடும் ஏவல் “பெருகுக” என்பது. கலங்கள் பிரிந்து பிரிந்து பெருகப் படலம் தடிக்கின்றது. சூல் வெளிப்பட்டபின் புரொஜெஸ்தரோன் என்னும் இரண்டாவது ஓமோன் வருகின்றது. “பெருகியது போதும்; வரக்கூடிய கருவுக்கு ஊட்டம் ஆயத்தஞ் செய்க” என்பது அதன் ஏவல். கலங்கள் பிரிவதை விட்டுச் சுரக்கத் தொடங்குகின்றன. கரு வந்து தங்காதொழியின் இரண்டு ஓமோன்களும் குறைகின்றன, படலம் உதிர்கிறது.

வயலுக்கு மடை திறப்பவன் ஒருவன், மடை அடைப்பவன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் தத்தம் வேளைக்கு வந்தாற் பயிர் விளையும். திறப்பவன் நாள்தோறும் வர, அடைப்பவன் வராமலே விட்டால் வயல் என்னாகும்? கருப்பையின் உட்படலத்திலும் அதுவே நேர்கிறது. “போதும்” என்று சொல்ல ஆளில்லாத ஈஸ்திரசன் நெடுங்காலம் நின்று ஏவினால் படலம் அளவு மீறித் தடிக்கும். அத்தடிப்பிற் கலங்களின் உருவமும் பிறழத் தொடங்கினால், அது புற்றுநோயின் வாயில். 1985ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இத்தகைய பெண்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்தது. கலப் பிறழ்வில்லாத எளிய தடிப்புடையோரில் நூற்றுக்கு ஒருவருக்கே பின்னர் புற்றுநோய் வந்தது. சிக்கலான அமைப்பும் கலப் பிறழ்வும் ஒருங்கே உடையோரில் நூற்றுக்கு 29 பேருக்கு வந்தது.

ஐவர் கேட்ட உரை

ஓமோனுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்புண்டு என்பது, ஓமோன் என்ற சொல் பிறக்கு முன்னரே தெரிந்துவிட்டது. கிளாஸ்கோ நகரின் சத்திர வைத்தியர் ஜோர்ஜ் பீற்சன், மார்புப் புற்றுநோய் முற்றிய ஓர் இளம்பெண்ணின் சூலகங்களை அகற்றியபோது, மார்பிலிருந்த கட்டி சுருங்கியதென 1896இல் எழுதினார். சூலகத்தை நீக்க மார்புக்கட்டி ஏன் சுருங்க வேண்டும்? அவரைப் பின்பற்றியோர் மற்றொரு புதிரையும் கண்டனர். இச்சிகிச்சை சிலருக்குப் பயன்பட்டது, பலருக்குப் பயன்படவில்லை. யாருக்குப் பயன்படும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒருவராலும் இயலவில்லை.

காலப்போக்கிற் சூலக ஓமோன்கள் பிரித்தெடுக்கப்பட்டன. 1929இல் ஈஸ்திரசன் வகையொன்று பளிங்குருவிற் கிடைத்தது. 1934இல் புரொஜெஸ்தரோன் கிடைத்தது. பொருள் கைக்கு வந்தது. அதன் செயல் விளங்கவில்லை. ஈஸ்திரசன் நொதியங்களால் இரசாயன மாற்றம் அடைகிறது, அம்மாற்றத்தின் வழியாகவே கலத்தை இயக்குகிறது என்று அறிஞர் பலர் நம்பினர்.

சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த எல்வுட் ஜென்சன் என்னும் இரசாயனவியலாளர் வினாவையே திருப்பிப்போட்டார். ஓமோன் இழையத்தை என்ன செய்கிறது என்று மற்றவர்கள் கேட்டனர். இழையம் ஓமோனை என்ன செய்கிறது என்று அவர் கேட்டார். இவ்விடத்தை வகுப்பிற் கற்பிக்கும்போதெல்லாம் நான் சற்று நின்றே செல்வதுண்டு. புதிய கருவி கிடைப்பதைப் போலவே, பழைய வினாவைப் புதிய பக்கத்திலிருந்து கேட்பதும் அறிவை வளர்க்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று மாணவருக்குக் காட்ட என்னிடம் இல்லை.

உடலில் ஈஸ்திரசன் மிக மிகச் சொற்ப அளவிலேயே உள்ளது. அதனைப் பின்தொடர்வதற்காக ஜென்சனும் அவருடன் உழைத்த ஹேர்பேட் ஜேக்கப்சனும், கதிர்த்தொழிற்பாடுடைய ஐதரசனாகிய திரித்தியத்தை அதிற் பொருத்தி அடையாளமிட்டனர். அவ்வாறு அடையாளமிட்ட ஓமோனை இளம் பெண் எலிகளுக்குச் செலுத்தினர். இரத்தத்திலும் தசையிலும் அது வந்த வேகத்திலேயே வெளியேறியது. கருப்பையிலோ மணிக்கணக்காகத் தங்கி நின்றது. எவ்வித இரசாயன மாற்றமும் அடையாமல் நின்றது. அங்கே ஏதோவொன்று அதனைப் பற்றி வைத்திருந்தது. அதுவே வாங்கி. ஏவல் உடல் முழுவதும் ஒலிக்கிறது. வாங்கியுள்ள இழையம் மட்டுமே அதனைக் கேட்கிறது.

1958இல் வியன்னா நகரிற் கூடிய உயிரிரசாயன மாநாட்டில் ஜென்சன் இதனை எடுத்துரைத்தார். அந்த அமர்வுக்கு வந்திருந்தோர் ஐவரே என்றும், அவர்களிலும் மூவர் தம்மைப்போல் உரையாற்ற வந்தவர்கள் என்றும் அவர் பின்னாளிற் சொன்னதுண்டு. 2004இல் பியர் சம்போன், றொனால்ட் எவன்ஸ் ஆகியோருடன் அவருக்கு மருத்துவ உலகின் பெரும் பரிசுகளுள் ஒன்றான லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது. வெற்று நாற்காலிகளைப் பார்த்துப் பேசிப் பழகிய நமது இலக்கியச் சங்கத்தாருக்கு இச்செய்தி சிறிது ஆறுதல் தரலாம்.

இருபத்தொருவருள் அறுவர்

ஜென்சன் எலிகளை ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், பொஸ்டன் நகரின் மருத்துவர்களான றீற்றா கெல்லியும் வில்லியம் பேக்கரும் கருப்பைப் புற்றுநோய் உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிய பெண்களுக்குப் புரொஜெஸ்தரோன் இனத்து மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். “போதும்” என்னும் ஏவல் புற்றுநோய்க்கும் கேட்குமா என்பதே அவர்களின் வினா. 1961இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். 21 பெண்களுள் 6 பேருக்குக் கட்டிகள் சுருங்கின. நுரையீரல்வரை பரவிய நோய்கூடச் சிலரிற் பின்வாங்கியது.

கத்தியும் கதிரும் கைவிட்ட இடத்தில் உடலின் இயல்பான ஓர் ஏவல் பலித்தது என்பது வியப்பே. ஆயினும் எஞ்சிய 15 பேரை நாம் மறக்கலாகாது. அவர்களுக்கும் அதே இனத்து மருந்துதான் கொடுக்கப்பட்டது. நோயின் பெயரும் அதுவே. பலன் மட்டும் இல்லை. மார்புப் புற்றுநோயில் எழுந்த அதே பழைய புதிர் இங்கும் எழுந்தது.

விடை வாங்கியில் இருந்தது. 1970களில் கட்டியின் துண்டை அரைத்து, அதில் ஈஸ்திரசன் வாங்கி எவ்வளவு, புரொஜெஸ்தரோன் வாங்கி எவ்வளவு என்று அளக்கத் தொடங்கினர். பின்னர் வாங்கியை இனங்காணும் பிறபொருளெதிரிகள் ஆக்கப்பட்டன. இன்று நோயியலாளர் கட்டியின் மெல்லிய சீவலைச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியிற் பார்க்கிறார். வாங்கியுள்ள கலங்களின் கரு கபில நிறமாகத் தெரியும். இல்லாதவை நிறமேறாமல் நிற்கும். இவ்வளவு எளிய காட்சி, ஒரு பெண்ணின் நோய் ஏவலைக் கேட்குமா, கேளாதா என்பதற்கு முன்னறிவிப்பாகிறது.

1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றை இங்கு எடுத்துக்காட்டலாம். முற்றிய அல்லது மீண்டெழுந்த உட்படலப் புற்றுநோயுள்ள 299 பெண்களுக்கு மெட்றொக்சிப் புரொஜெஸ்தரோன் மாத்திரை கொடுக்கப்பட்டது. புரொஜெஸ்தரோன் வாங்கியுள்ள கட்டிகளில் நூற்றுக்கு 37 சுருங்கின. வாங்கியில்லாத கட்டிகளில் நூற்றுக்கு 8 மட்டுமே. அதே ஆய்வு வேறொன்றையும் காட்டிற்று. பெண்களுட் சிலருக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராமும், சிலருக்கு அதன் ஐந்து மடங்கான 1000 மில்லிகிராமும் கொடுக்கப்பட்டன. குறைந்த அளவு பெற்றோரில் நூற்றுக்கு 25 பேருக்குப் பலன் தெரிந்தது. மிகுந்த அளவு பெற்றோரில் 15 பேருக்கே. உரக்கக் கத்தினால் மட்டும் செவி கூர்மையாகிவிடாது என்பதை ஆசிரியத் தொழில் செய்தோர் நன்கறிவர்.

வாங்கியை ஆக்கும் வாங்கி

இனி, இவ்விரு வாங்கிகளும் கலத்துள் எவ்வாறு செயற்படுகின்றன என்பதைச் சுருங்கச் சொல்கிறேன். ஈஸ்திரசன் கலத்தினுட் புகுந்து தன் வாங்கியோடு சேர்கிறது. சேர்ந்ததும் வாங்கியின் உருவம் மாறுகிறது. அதன் ஒரு முனையிலுள்ள சுருள் மடிந்து, ஓமோன் இருக்கும் குழியின்மேல் மூடிபோற் பொருந்துகிறது. இவ்வாறு வளைந்த வாங்கிகள் இரண்டிரண்டாக இணைந்து, கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏயின் குறித்த இடங்களிற் பொருந்துகின்றன. துணைப் புரதங்கள் வந்து கூடுகின்றன. உறங்கிக்கிடந்த பரம்பரையலகுகள் விழித்துச் செயற்படுகின்றன. பெறுவதும் வளைவதும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கும் நம் மொழியில், இப்புரதத்துக்கு வாங்கி என்பதினும் பொருத்தமான பெயர் கிடைத்திராது.

அவ்வாறு விழித்தெழும் பரம்பரையலகுகளுள் ஒன்று, புரொஜெஸ்தரோன் வாங்கியை ஆக்குவது. இதன் நுட்பத்தை வாசகர் கருதவேண்டும். பெருகச் சொல்லும் ஏவலே, போதும் என்ற ஏவலைக் கேட்கும் செவியையும் ஆக்கி வைக்கிறது. வளர்ச்சி தன்னைத் தடுப்பதற்கான வழியையும் உடன்கொண்டே வருகிறது. புரொஜெஸ்தரோன் வந்து தன் வாங்கியிற் சேர்ந்தபின், ஈஸ்திரசன் வாங்கியின் அளவைக் குறைக்கிறது. ஈஸ்திரசனை வலிமை குன்றிய வடிவுக்கு மாற்றும் நொதியத்தையும் பெருக்குகிறது. ஆதலின் ஒரு கட்டியிற் புரொஜெஸ்தரோன் வாங்கி இருக்கிறதென்றால், அதில் ஈஸ்திரசன் வாங்கி வெறுமனே இருக்கவில்லை, வேலையும் செய்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அக்கட்டி உட்படலத்தின் பழைய ஒழுங்கை முற்றாக மறந்துவிடவில்லை. வாங்கிகளை இழந்த கட்டிகளோ பொதுவாகக் கொடியவை, விரைந்து பரவுபவை.

புரொஜெஸ்தரோன் நெடுங்காலம் நின்றால் தன் வாங்கியையும் தானே குறைத்துவிடும். மருந்து தொடக்கத்திற் பலித்துப் பின்னர் பலியாது போவதற்கு இதுவும் ஒரு காரணம். இதனை வெல்லவே, வாங்கியை மீண்டும் ஆக்கும் மருந்தொன்றையும் புரொஜெஸ்தரோன் இனத்து மருந்தையும் மாறி மாறிக் கொடுக்கும் முறையை வைத்தியர்கள் வகுத்தனர்.

பாதி அறிவின் விலை

இவ்வளவும் அறிந்தபின், கடந்த நூற்றாண்டிற் நேர்ந்த ஒரு பெருந் துன்பத்தைப் பார்க்கலாம். கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்திரசன் மருந்து 1942இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வரும் உடல் வெம்மை, வியர்வை, உறக்கமின்மை ஆகியவற்றை அது தணித்தது. 1966இல் றொபேட் வில்சன் என்னும் வைத்தியர், பெண்மை என்றென்றும் நிலைக்கும் என்ற கருத்துப்பட ஒரு நூலை வெளியிட்டார். மாதவிடாய் நிற்பது இயற்கையன்று, அது ஒரு குறைநோய், ஈஸ்திரசனால் அதனைத் தீர்க்கலாம் என்பது அந்நூலின் வாதம். நூல் பரவியது, மருந்தும் பரவியது. பெரும்பாலோருக்கு ஈஸ்திரசன் தனித்தே கொடுக்கப்பட்டது. மடை திறப்பவனை அழைத்தனர், அடைப்பவனை அழைக்கவில்லை.

1975 டிசம்பரில் ஒரே மருத்துவ ஏட்டின் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஈஸ்திரசன் மருந்துண்ட பெண்களுக்கு உட்படலப் புற்றுநோய் வரும் அபாயம் உண்ணாதோரினும் 4.5 மடங்கு என்றது ஒன்று, 7.6 மடங்கு என்றது மற்றொன்று. இதன்பின் மருந்தின் பயன்பாடு குறைந்தது, நோயும் குறைந்தது. கருப்பையுள்ள பெண்ணுக்கு ஈஸ்திரசன் கொடுப்பதாயின் புரொஜெஸ்தரோன் இனத்து மருந்தையும் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்பது இன்று நிலைபெற்ற விதி. மருந்து பொய்யன்று, அது சொன்ன வேலையைச் செய்தது. உட்படலத்துக்கு இரண்டு ஏவல்கள் வேண்டும் என்பதைப் பொருட்படுத்தாமல் ஒன்றை மட்டும் கொடுத்ததே பிழை.

மருந்து உண்ணாதவரிடத்தும் இதே நிலை உண்டாகலாம். மாதவிடாய் நின்றபின் சூலகம் ஈஸ்திரசன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. ஆனால் உடற்கொழுப்பில் அரோமத்தேசு என்னும் நொதியம் உண்டு. அதிரீனற் சுரப்பியிலிருந்து வரும் வேறொரு ஓமோனை அது ஈஸ்திரசனாக மாற்றுகிறது. கொழுப்பு மிகுந்தால் ஈஸ்திரசனும் மிகும். புரொஜெஸ்தரோனோ அவ்வயதில் வருவதில்லை. உடற்பருமன் மிக்க பெண்களுக்கு இந்நோய் கூடுதலாக வருவதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. சூல் ஒழுங்காக வெளிப்படாத இளம்பெண்களுக்கும் இதுவே நிலை; சூல் வெளிப்படாவிடிற் புரொஜெஸ்தரோன் இல்லை.

எல்லா உட்படலப் புற்றுநோய்களும் இவ்வகையின என்று நான் சொல்ல வரவில்லை. 1983இல் லெனின்கிராட் நகரின் மருத்துவர் யான் பொக்மன் இந்நோயை இரு வகையாகப் பிரித்தார். ஈஸ்திரசனாற் தூண்டப்பட்டு மெல்ல வளர்வது முதல் வகை. அத்தூண்டலின்றி, முதிர்ந்த வயதில், மெலிந்த படலத்திலும் தோன்றிக் கடுகிப் பரவுவது இரண்டாவது. 2013இல் வெளியான பெரும் ஆய்வொன்று, பரம்பரையலகு மாற்றங்களைக் கொண்டு இந்நோயை நான்கு தொகுதிகளாக வகுத்தது. இன்று வைத்தியர்கள் வாங்கிகளுடன் இத்தொகுதிகளையும் சேர்த்தே நோக்குகின்றனர்.

ஒரே மருந்து, இரு உறுப்பு

வாங்கியின் வரலாற்றில் யான் பெரிதும் வியந்த பகுதி இனி வருவது. 1962இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோறா றிச்சட்சன் என்னும் பெண் இரசாயனவியலாளர், பின்னாளில் தமொக்சிபென் எனப் பெயர்பெற்ற மருந்தை ஆக்கினார். கருத்தடைக்கென ஆராயப்பட்டது, மார்புப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. அது மார்புக் கலத்தின் ஈஸ்திரசன் வாங்கியிற் போய் அமர்ந்துகொள்ளும். உண்மையான ஈஸ்திரசன் வந்தால் இடமிராது. எண்ணற்ற பெண்கள் இம்மருந்தினால் உயிர் காக்கப்பட்டனர்.

ஆனால் 1980களில் ஒரு கவலை எழுந்தது. தமொக்சிபென் உண்டோர் சிலருக்குக் கருப்பையின் உட்படலத்திற் புற்றுநோய் தோன்றியது. 1998இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு இதனை உறுதிசெய்தது. 13,000 பெண்களுக்கு மேற்பட்டோர் பங்குகொண்ட அவ்வாய்வில், மார்புப் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. உட்படலப் புற்றுநோயோ இரண்டரை மடங்காயிற்று. மார்பில் ஈஸ்திரசனைத் தடுத்த மருந்து கருப்பையில் ஈஸ்திரசனைப்போல் நடந்துகொண்டது.

இதன் விளக்கமும் வளைவில்தான் உள்ளது. தமொக்சிபென் சேரும்போது வாங்கியின் முனைச்சுருள் ஈஸ்திரசன் சேர்ந்தாற்போல் மடிவதில்லை. வேறுவிதமாகச் சாய்ந்து, துணைப் புரதங்கள் வந்து பொருந்தும் இடத்தை மறைத்துவிடுகிறது. மார்புக் கலத்தில் இதனால் வேலை நிற்கும். கருப்பைக் கலத்திலோ சில துணைப் புரதங்கள் மிகுதியாக உள்ளன. வாங்கியின் மற்றொரு பகுதியைப் பற்றிக்கொண்டு அவை வேலையைத் தொடரும். 2002இல் வெளியான ஆய்வு இத்தகைய துணைப் புரதம் ஒன்றின் பங்கைக் காட்டியது. செவி ஒன்றாயினும், கேட்டதைக் கொண்டு வினையாற்றுவோர் ஊருக்கு ஊர் வேறு. ஆயினும் தமொக்சிபெனை உண்போர் இதைப் படித்து அஞ்சி நிறுத்திவிடலாகாது. மார்புப் புற்றுநோய் உள்ளவருக்கு அதன் நன்மை தீமையினும் மிகப் பெரிது. இரத்தம் கண்டால் உடனே வைத்தியரிடம் சொல்லவேண்டும் என்பதே அவர்கள் கொள்ளவேண்டிய எச்சரிக்கை.

சொல்லாத நோய்

இரத்தம் கண்டால் என்று எழுதினேன். இந்நோய் பற்றிய முழு அறிவும் கடைசியில் வந்து நிற்பது இவ்விடத்திலேயே. உட்படலப் புற்றுநோய் வந்த பெண்களில், மாதவிடாய் நின்றபின் நோயுற்றோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முதலிற் காண்பது இரத்தக்கசிவு. மாதவிடாய் நின்றபின் இரத்தம் காணும் பெண்களிலோ நூற்றுக்கு ஒன்பது பேருக்கே இந்நோய் உள்ளது. அதாவது, அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை கண்டாலும் காட்டாமல் இருக்கக்கூடாது. வேறெந்தப் புற்றுநோயும் இவ்வளவு முன்கூட்டியே, இவ்வளவு வெளிப்படையாகத் தன்னை அறிவிப்பது அரிது. கருப்பையைவிட்டு வெளியேறுமுன் கண்டறிந்தால் இருபதிற் பத்தொன்பது பெண்கள் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர் என்பது அமெரிக்கக் கணக்கு. பெரும்பாலோருக்குச் சத்திரசிகிச்சையே போதும். பிள்ளை வேண்டியிருக்கும் இளம்பெண்களுக்கு நோய் மிகத் தொடக்க நிலையிலிருந்தால், புரொஜெஸ்தரோன் இனத்து மருந்தைக் கொடுத்துக் கருப்பையைக் காக்கவும் சில வேளைகளில் இயலுகிறது.

என் பெரியம்மா ஒருவருக்கு, மாதவிடாய் நின்று பன்னிரண்டு ஆண்டுகளின்பின் இரத்தம் கண்டது. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமற் கோயிலுக்குப் போகிறவர், அந்நாட்களிற் போகாமல் நின்றுகொண்டார். துடக்கென்று கோயிலை விலக்கத் தெரிந்தது. நோயென்று வைத்தியரை நாடத் தோன்றவில்லை. “ஏனம்மா, இப்போது கோயிற் பக்கமே போறதில்லை?” என்று அவர் மகள் கேட்டபோதுதான் விடயம் வெளிவந்தது. அதற்குள் எட்டு மாதம் கடந்திருந்தது; நுரையீரலிலும் நோய் தெரிந்தது. நோயியலாளரின் அறிக்கையில், ஈஸ்திரசன் வாங்கி உண்டு, புரொஜெஸ்தரோன் வாங்கி உண்டு என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு வரிகளின் பொருள் அன்று எங்கள் வீட்டில் எனக்கு மட்டுமே ஓரளவு விளங்கியது. புரொஜெஸ்தரோன் இனத்து மாத்திரை அவருக்கு மூன்று ஆண்டுகளைக் கொடுத்தது. அதற்குள் பேத்தியின் திருமணத்தையும் கண்டார். அந்த மூன்று ஆண்டுகளுக்காக நான் ஜென்சனுக்கும் கெல்லிக்கும் கடமைப்பட்டவன். இழந்த அந்த எட்டு மாதங்களுக்கோ வாங்கியும் மருந்தும் பொறுப்பல்ல. நமது வீடுகளில் நிலவும் கூச்சமே பொறுப்பு.

இக்கூச்சம் நம் மொழிக்கு இயல்பானதென்று யாரும் கூறற்க. தொல்காப்பியர் கற்பியலிற் பூப்பைப் பற்றிச் சொல்ல நேர்ந்தபோது தயக்கமின்றிச் சொல்லிச் சென்றார். கருப்பை, சூலகம், மாதவிடாய் என்று தெளிந்த சொற்கள் நம்மிடம் உண்டு. பாடசாலையில் இவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் பலர் அந்த அதிகாரம் வந்ததும் குரலைத் தாழ்த்துவதையும், “இதை வீட்டிற் படியுங்கள்” என்று பக்கத்தைப் புரட்டுவதையும் நான் கண்டிருக்கிறேன். வீட்டில் யார் படிப்பிப்பார்? அந்த ஒரு பக்கத்தைப் படிக்காத மாணவி, நாற்பது ஆண்டுகளின்பின் தன் உடல் அனுப்பும் செய்தியை வாசிக்கத் தெரியாத பெண்ணாகிறாள். மாணவனுக்கும் அப்பக்கம் உரியதே; நாளை ஒரு தாய்க்கோ மனைவிக்கோ துணையாக வைத்தியசாலைக்குச் செல்லவேண்டியவன் அவன்.

ஆற்றல் சொல்லிலா செவியிலா என்ற வினாவுக்கு உயிரியல் தரும் விடை, இரண்டும் சேர்ந்த இடத்தில் என்பதே. கலத்தில் வாங்கியில்லாவிடின் மிகச் சிறந்த மருந்தும் வீணாகும். வீட்டிற் கேட்பவர் இல்லாவிடின், உடல் எத்துணை வெளிப்படையாக அறிவித்தாலும் அதுவும் வீணாகும். கலத்தின் வாங்கியை ஆக்குவது நம் கையில் இல்லை. தாயும் தமக்கையும் இப்படியொன்றைச் சொல்ல வாயெடுக்கும்போது, முகஞ்சுளிக்காமற் கேட்டு, அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துச் செல்வது நம் கையில் இருக்கிறது.